தாத்தாவின் பெரிய வெப்லி ரிவால்வரை விலைக்கு வாங்கலாமா?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கம்மவான்பேட்டைப் பக்கம் நண்பர் வீட்டில் ஒரு பெரிய ரிவால்வர் இருக்கிறது. நடுவில் மடக்கித் திறக்கும் வகை, மேலே வெப்லி என்றும் 1917 என்றும் பொறித்திருக்கிறது. லைசென்ஸ் வைத்திருந்த தாத்தா ஓய்வுபெற்ற சுபேதார், காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய அப்பா முதல் உலகப்போரில் மெசபடோமியாவிலிருந்து (இன்றைய ஈராக்) கொண்டுவந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். நூறு வருஷம் தாண்டிவிட்டதால் ஆன்டிக், லைசென்ஸே தேவையில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார். உங்களிடம் .32 ரிவால்வருக்கு லைசென்ஸ் இருக்கிறது, இரண்டாவது துப்பாக்கிக்கு இடமும் காலியாக இருக்கிறது. கேட்கிற விலை நியாயமா, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. விலையைக் கேட்பதுபோல இருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பொருள் உங்கள் கைக்குச் சட்டப்படி வரமுடியுமா என்பதைத்தான். அது முடியாதென்றால், எவ்வளவு அருமையான துப்பாக்கியாக இருந்தாலும் உங்களுக்கு அதன் விலை பூஜ்யம்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவனாக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு காட்பாடியில் இருந்துகொண்டு, லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடைக்குப் பழுது பார்த்துக் கொடுத்தேன். வட ஆற்காடு முழுக்க ராணுவக் குடும்பங்கள் என்பதால் பழைய வெப்லி, என்பீல்டு, கோல்ட் எல்லாம் கைக்கு வந்திருக்கின்றன. நான் வக்கீல் இல்லை. சட்டத்தில் எனக்குத் தெரிந்தது கடையில் தினமும் புழங்கிய பகுதி மட்டும். கையெழுத்துப் போடும் முன்னால் கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி உரிமம் பார்க்கும் செக்‌ஷனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முதலில் அந்த நூறு வருஷக் கதை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழங்கால ஆயுதத்துக்கு ஒரு விலக்கு இருப்பது நிஜம். ஆனால் அங்கே வயதுக் கணக்கே கிடையாது. வழக்கொழிந்த மாதிரியோ, பழம்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ, எதுவானாலும் அதைச் சரிசெய்தாலும் சரி செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் விலக்கு இல்லை. நீங்கள் சொல்கிற வெப்லியில் தோட்டா போடும் சிலிண்டர் சுற்றுகிறது, குதிரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) விழுகிறது. அது முழுத் துப்பாக்கி. நூறு வருஷம் என்ற எண் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திலிருந்து வந்திருக்கலாம். அது பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவது போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம், துப்பாக்கி லைசென்ஸிலிருந்து யாரையும் விடுவிப்பதல்ல. அமெரிக்கக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து இன்னொரு குழப்பமும் வருகிறது. அங்கே 1898 வரை செய்ததுதான் ஆன்டிக். 1917இல் செய்தது அந்த ஊர்க் கணக்கிலேயே தேறாது.

அடுத்தது போர், அதாவது குழலின் உள்வாய் அளவு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஆயுத விதிகளில், .380 மற்றும் .455 விளிம்புத் தோட்டாவையோ (அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது), ராணுவ 9 மி.மீ. தோட்டாவையோ, .45 விளிம்பில்லாத் தோட்டாவையோ போட்டுச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடைசெய்யப்பட்ட போர் வகையில் வருகிறது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்திய தோட்டா பொதுமக்கள் கையிலுள்ள துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதுதான் காரணம். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை நமக்கென்று செய்த ரிவால்வர் .32 ஆக இருப்பதும் இதனால்தான். 1917 என்று போட்ட பெரிய வெப்லி என்றால் அநேகமாக மார்க் 6 என்ற மாடல். அது .455. இந்த வகையை வாங்கவோ வைத்திருக்கவோ மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. கலெக்டர் கொடுத்த உங்கள் .32 லைசென்ஸில் இரண்டாவது இடம் காலியாக இருந்தாலும் இதை அதில் ஏற்ற முடியாது. ஏற்றித் தருகிறேன் என்று எந்த இடைத்தரகராவது சொன்னால் அவரிடமிருந்து ஒதுங்கிவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

அப்படியானால் தாத்தாவுக்கு எப்படி லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். பழைய லைசென்ஸ்களில் இதுபோன்றவை உண்டு. எந்த அதிகாரி, எந்த வருடம், எந்த அனுமதியின் பேரில் ஏற்றினார் என்பது அந்தப் புத்தகத்தில் இருக்கும். துப்பாக்கியைவிட அதைத்தான் நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். நம் பக்கத்துப் பழைய லைசென்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே மாவட்டத்தின் சரித்திரம் தெரியும். முதல் பக்கத்தில் வட ஆற்காடு கலெக்டரின் முத்திரை, நடுவில் 1989 பிரிவினைக்குப் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் என்றால் 2019க்குப் பிறகு இன்னொரு முத்திரை. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு கையெழுத்து. நடுவில் வருடம் விட்டுப்போயிருந்தால் அங்கேதான் வில்லங்கம். துப்பாக்கி எண் எழுதிய வரியில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா, போர் என்ற இடத்தில் .455 என்று ஒழுங்காக இருக்கிறதா அல்லது வெறும் ‘ரிவால்வர்’ என்று விட்டிருக்கிறார்களா, யாரிடமிருந்து வாங்கியது என்று குறித்திருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். துப்பாக்கி லைசென்ஸ்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றிக் கொடுத்த தனி அடையாள எண்ணும் அதில் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத கையெழுத்துப் புத்தகம் இன்று செல்லாது.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. லைசென்ஸ் அந்த ஆளுக்கு மட்டும் உரியது, அவர் காலமானதோடு முடிந்துவிடும். 21ஆம் பிரிவின்படி வீட்டார் தாமதிக்காமல் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். டீலரிடம் வைத்து ரசீது வாங்கியிருந்தால் கவலையில்லை. இரண்டு வருடமாகப் பீரோவில்தான் இருக்கிறது என்றால், அந்த வீட்டு அம்மா தெரியாமலே ஒரு குற்றத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் போய்த் தொட்டுப் பார்ப்பது, போட்டோ எடுப்பது, நாலு பேருக்கு அனுப்புவது எதுவும் வேண்டாம். இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம் இரண்டின் நகலோடு ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். ஒரு வக்கீலைக் கூட அழைத்துப் போனால் நல்லது. வாரிசு விண்ணப்பம் போடலாம். சாதாரண போர் என்றால் கலெக்டர் முடிவு செய்வார், .455 என்றால் கோப்பு டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போகும். கிடைக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பழைய காலத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், 2019 முதல் இரண்டுதான், பரம்பரையாக வந்ததும் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், அது .455தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இதுவரை சொன்னதெல்லாம் 1917 என்ற எண்ணை நம்பிச் சொன்னது. வெப்லி மாதிரியே மடங்கும் இன்னொன்று நம் ராணுவக் குடும்பங்களில் அதிகம்: என்பீல்டு நம்பர் 2. 1930களில் வந்தது, .38 போர், சற்றுச் சிறியது, குழல் 5 அங்குலம். மார்க் 6இன் குழல் 6 அங்குலம், எடை ஒரு கிலோவைத் தாண்டும், குழல் வாயில் சுண்டுவிரல் நுனி நுழையப் பார்க்கும். என்பீல்டும் தடைசெய்யப்பட்ட பட்டியலில்தான் வருகிறது, அந்த .380 என்பது இதன் தோட்டாதான். ஆக எதுவானாலும் உங்களுக்குப் பலன் ஒன்றே. ஆனால் சேகரிப்பவர் கண்ணில் இரண்டும் வேறு வேறு.

சரி, லைசென்ஸ் விவகாரம் எல்லாம் தீர்ந்து, டீலர் கடையில் மேசைமேல் வைத்துப் பார்க்கிற நிலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது நாளைக்கு வேறொரு பெரிய ரிவால்வர், அனுமதிக்கப்பட்ட போரில், உங்கள் முன் வருகிறது. நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். முதல் வேலை திறந்து காலியா என்று பார்ப்பது. மார்க் 6இல் இடது பக்கம், குதிரைக்குப் பக்கத்தில் கட்டைவிரலுக்கு ஒரு நெம்பி இருக்கும். அதை அழுத்திக் குழலைக் கீழே சாய்த்தால், சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திரத் தகடு மெல்ல எழும்பி ஆறு தோட்டாவையும் ஒரே மூச்சில் தூக்கும், முழுக்கச் சாய்ந்ததும் டக்கென்று கீழே போய் உட்காரும். அந்த டக் சத்தம் சுத்தமாகக் கேட்க வேண்டும். தகடு பாதியில் நின்றாலோ, விரலால் தள்ளிவிட வேண்டியிருந்தாலோ உள்ளே பிசுக்கு, அல்லது நெம்புகோல் தேய்ந்திருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் பிசுக்குதான். தேங்காய் எண்ணெயைப் போட்டுத் துடைத்து வைத்துவிடுவார்கள், அது நாள்பட நாள்பட வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் போய்விடுகிற குறைக்காக விலையைக் குறைத்துக் கேட்பது நியாயமில்லை.

பிறகு மூடிவிட்டு, ஒரு கையில் பிடியையும் மறுகையில் குழலையும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். மடங்கும் ரிவால்வரின் உயிர் அந்தக் கீலிலும் மேலே பூட்டும் கொக்கியிலும்தான் இருக்கிறது. மேல்கீழ் ஆட்டம் இருந்தால் கொக்கி தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டு ஆட்டம் என்றால் கீலின் திருகு. இரண்டையும் சரிசெய்யத் தெரிந்த கை இன்று நம் பக்கத்தில் அரிது. சிலிண்டர் கொஞ்சம் ஆடுவதைப் பார்த்து மட்டும் பயந்துவிடாதீர்கள். இந்தப் பழைய பிரிட்டிஷ் ரிவால்வர்கள் சும்மா இருக்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். டிரிகரை முழுக்க இழுத்துப் பிடித்த நிலையில் ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. குதிரையை மிக மெதுவாகப் பின்னால் இழுத்து, அது முழுக்க ஏறும்போது சிலிண்டரும் இடத்தில் பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது தாமதித்தால் நட்சத்திரத்தின் அந்தப் பல் மட்டும் தேய்ந்திருக்கும். வெறும் துப்பாக்கியின் குதிரையைப் பட் பட்டென்று அடித்துப் பார்க்காதீர்கள். நூறு வயது ஊசி உடைந்தால் மாற்று கிடையாது.

குழலின் உட்புறத்தை, ஒரு வெள்ளைத் துணியை இழுத்த பிறகு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெப்லியில் 7 வரிப்பள்ளங்கள் (குண்டைச் சுழலவைக்கும் திருகுக் கோடுகள்) வலப்பக்கம் திரும்பும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் 5, வலப்பக்கம். கோல்டில் 6, இடப்பக்கம். எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது, போலியைப் பிடிக்க இது எழுத்துகளைவிட நம்பகமானது. வடமேற்கு எல்லைப்புறத்தில், கைபர் பக்கப் பட்டறைகளில் கையால் செய்த வெப்லி நகல்கள் ஏராளம், எல்லையில் பணிசெய்த ராணுவத்தாரோடு சில இந்தப் பக்கமும் வந்திருக்கின்றன. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆங்கில எழுத்து திரும்பி விழுந்திருக்கும், அரச முத்திரையில் கிரீடம் பூசணிக்காய்போல இருக்கும். எஃகு மென்மையானது. அதை வைத்துச் சுடுவது உயிரோடு விளையாடுவது. உட்புறத்தில் கருப்புப் புள்ளிகள் பரவியிருந்தால் பழைய தோட்டாவின் வேலை. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து அரிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவினால்தான் தப்பும். லேசான புள்ளிகள் இருந்தால் சேகரிப்பு மதிப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வரிப்பள்ளத்தின் விளிம்பே மழுங்கியிருந்தால் நிறையக் குறையும்.

வெளிப்பூச்சுதான் விலையில் பாதி, ஆனால் அதைத்தான் நம் வீடுகளில் முதலில் கெடுக்கிறார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் துடைக்காமல் பெட்டியில் போட்டு மூடிய துப்பாக்கியை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். குழலின் மேல் பட்டையில் ரூபாய் அளவுக்கு வட்டமாக ஒரு அரிப்பு இருக்கும். இன்னொன்று தோல் உறை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் மிச்சம் இருக்கும், ஈரம் பட்டால் அதோடு ஒட்டிக்கிடக்கிற இரும்பை அது தின்னும். ஒரே பக்கம் மட்டும், தோலின் தையல் பட்ட இடத்தில் கோடாக அரித்திருந்தால் பல வருடம் உறையோடு தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்த வடுக்களோடு இருப்பதுகூடப் பரவாயில்லை. அதை மறைக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாகக் கருநீலப் பூச்சு ஏற்றியதோ, பளபளவென்று நிக்கல் முலாம் பூசியதோதான் சேகரிப்பவருக்கு ஆகாது. கண்டுபிடிப்பது எளிது: முத்திரை எழுத்துகளின் ஓரம் கரைந்திருக்கும், திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்து பள்ளமாகியிருக்கும், தட்டையாக இருக்க வேண்டிய பக்கங்கள் அலை அலையாக மின்னும். மங்கிப்போன பழுப்பு நிறத்தில், எழுத்தெல்லாம் கூர்மையாக நிற்கிற ஒரு வெப்லிக்கு நான் கொடுக்கிற மதிப்பில் கால்வாசிகூடப் புதுப்பூச்சு பூசியதற்குக் கொடுக்க மாட்டேன். கடைக்காரர்கள் சிலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். அவர்களுக்கு மின்னுவதுதான் விற்கும்.

முத்திரைகளைப் பற்றி உங்கள் நண்பர் சொன்ன கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்க் 6 ராணுவத்துக்கு 1915இல் வந்தது. பர்மிங்ஹாமில் வெப்லி அண்ட் ஸ்காட் போர்க்காலத்தில் குவித்துத் தள்ளியது, பிறகு 1921 முதல் 1926 வரை என்பீல்டு அரசுத் தொழிற்சாலை செய்தது. மொத்தம் சுமார் 3,00,000. ஆகவே உலகக் கணக்கில் இது அரிய பொருள் அல்ல. நம் ஊரில் அரிதாகத் தெரிவது, 1980களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால். அரசு வாங்கியதில் அகன்ற அம்புக்குறி இருக்கும். அரசே விற்றுவிட்டதில் இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்து ஒரு நட்சத்திரம்போல நிற்கும். கடையில் விற்றவற்றில் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் கிரீடமும் அதன் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகளும், பெரும்பாலும் வெப்லியின் சிறகு முளைத்த தோட்டாச் சின்னமும் இருக்கும். கல்கத்தாவின் ரோடா, மேன்டன் போன்ற கடைகளின் பெயர் பொறித்தவையும் உண்டு. இனி கதைக்கு வருவோம். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை மெசபடோமியாவில் சண்டையிட்டது சரித்திரம், அந்தக் கொள்ளுத்தாத்தா அங்கே போயிருக்கலாம். ஆனால் சிப்பாய்க்குக் கொடுத்தது ரைபிள், ரிவால்வர் அல்ல. ராணுவம் பொதுவாகத் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்து அனுப்பவும் இல்லை. பிரிட்டிஷ் ஆபீசர்கள் பலர் சொந்தக் காசில் ரிவால்வர் வாங்கினார்கள், ஓய்வுபெற்றுப் போகும்போது விற்றார்கள். நம் ஆட்கள் கையில் லைசென்ஸோடு இருக்கிற பல பெரிய ரிவால்வர்கள் அப்படித்தான் இரண்டாம் கையாக வந்தவை. இந்தத் துப்பாக்கியில் தனி அம்பு மட்டும் இருந்து விற்பனை முத்திரை இல்லையென்றால், அது கிடங்கிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று கேட்க வேண்டியிருக்கும். முத்திரை இல்லாததாலேயே திருட்டு என்று ஆகிவிடாது, அப்படி முத்திரை விடுபட்டவையும் இருக்கின்றன. லைசென்ஸின் முதல் பதிவில் யாரிடம் வாங்கியது என்று இருந்தால் அதுதான் கதையைவிடப் பெரிய சாட்சி. குடும்பக் கதைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள், ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள், சுவாரசியமாக இருக்கும்.

பிரேமில் (துப்பாக்கியின் உடற்சட்டம்) உள்ள எண்ணும் சிலிண்டரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் எங்கோ ஒரு பணிமனையில் மாற்றியிருக்கிறார்கள். சுடுவதற்குத் தடையில்லை, சேகரிப்பவருக்குக் குறைதான். சிலிண்டரின் பின்பக்கம் அரம் போட்டதுபோல, முத்திரை பாதி வெட்டுப்பட்டு இருந்தால் கவனம். .455 தோட்டா கிடைக்காத இடங்களில், குறிப்பாக அமெரிக்காவில், பின்பக்கத்தைக் கடைந்து .45 விளிம்பில்லாத் தோட்டா போடும்படி மாற்றினார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் இந்தத் துப்பாக்கி தாங்கும் அளவைவிட அதிகம்.

பெரிய பிரேமில் எல்லாமே வெப்லி இல்லை. முதல் உலகப்போரில் பிரிட்டன் அமெரிக்காவிலிருந்து கோல்ட் நியூ சர்வீஸையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெரிய ரிவால்வரையும் .455இல் வாங்கியது. அவையும் நம் பக்கம் வந்திருக்கின்றன. அதே மாடல்கள் .44, .45 போர்களிலும் உண்டு என்பதால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், குழலில் பொறித்ததைப் படியுங்கள், அதையும் நம்பாமல் அறையை அளக்கச் சொல்லுங்கள். .455ஆகப் பிறந்து பிறகு .45 கோல்டுக்குக் கடைந்தவை இருக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லாத .44 போரில், நல்ல நிலையில், ஒழுங்கான லைசென்ஸோடு ஒன்று வந்தால் அதுதான் நீங்கள் காத்திருக்க வேண்டிய பொருள். அந்த இரண்டு கம்பெனித் துப்பாக்கிகளுக்கும் இன்னொரு வசதி: எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எந்த வருடம் எந்தக் கடைக்கு அனுப்பினார்கள் என்று பழைய பதிவேட்டைப் பார்த்து அவர்கள் தரப்பிலிருந்தே கடிதம் கிடைக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் குதிரையும் டிரிகரும் எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போலப் பல நிறம் கலந்து தெரியும். அவையும் கருநீலமாக இருந்தால் யாரோ மொத்தமாக மறுபூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

அப்படி ஒன்றைத் தனியாரிடம் வாங்கும்போது, விற்பவர் தன் நோக்கத்தையும் உங்கள் பெயர் முகவரியையும் மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம் என்கிறது 5ஆம் பிரிவு. உங்கள் லைசென்ஸில் அந்த வகைக்கு இடமும் அனுமதியும் முதலில் இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், முன்பணம் வேண்டாம். விலை எவ்வளவு என்று கேட்டீர்கள். எண் சொல்ல மாட்டேன். போட்டோவில் பூச்சையும் கீலையும் பார்க்க முடியாது, நம் நாட்டில் இதற்குப் பொதுச் சந்தை விலை என்று ஒன்றும் இல்லை. வெளிநாட்டு ஏல விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது வீண், அங்கே யாரும் லைசென்ஸில் உள்ள காலியிடத்துக்காகப் பணம் கொடுப்பதில்லை. இரண்டு டீலர்களிடம் தனித்தனியாக எழுத்தில் மதிப்பு வாங்குங்கள்.

இந்தக் குறிப்பிட்ட வெப்லியைப் பொறுத்தவரை, .455 என்று உறுதியானால் விட்டுவிடுங்கள். வாரிசு அனுமதி கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒப்படைத்ததற்கான ரசீதுதான் மிஞ்சும், அது வருத்தம்தான். ஆனால் தாத்தாவின் பெட்டியில் துப்பாக்கி மட்டும் இருக்காது. உறை, இடுப்புப் பட்டை, கழுத்துக் கயிறு, குழல் துடைக்கும் கம்பி, மெடல்கள், பே புக் (சிப்பாயின் சம்பளப் புத்தகம்) எல்லாம் இருந்தால் அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம், வீட்டார் மனமுவந்து கொடுத்தால் நீங்கள் தாராளமாக விலை பேசலாம். உறையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள், கான்பூர் தோல் தொழிற்சாலையின் முத்திரையும் வருடமும் இருந்தால் அதற்கே தனி மதிப்பு. பெட்டியின் மூலையில் பச்சை பூத்த தோட்டாக்கள் கிடந்தால் அவற்றை நீங்கள் எடுக்காதீர்கள். துப்பாக்கியோடு சேர்த்து எண்ணி ஒப்படைத்து, அதே ரசீதில் எண்ணிக்கையையும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.